குன்னூர் பக்கம் காட்டு ரோட்டோரம் வீடு வாங்கிக் குடிபோகலாமா?

கேட்டிருப்பவர் கோயம்புத்தூர்க்காரர். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். குன்னூர் – கோத்தகிரி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு சின்ன மலைப்பாதையில், இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த இடத்தில், பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டவுன் ஆறு கிலோமீட்டர்தான். தானும் மனைவியும் 82 வயது அம்மாவும் அங்கே போய் இருக்கலாமா, மிருகங்கள் பயம் எப்படி, வேறு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

இந்த மலையில் சாலை ஆய்வாளராக 26 வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது குடியிருப்பதும் அதே மாதிரி ஒரு ரோட்டோரத்தில்தான், டவுனிலிருந்து ஏழு கிலோமீட்டரில். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரலாம். ஆனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் ரோட்டைப் பாருங்கள். ரோட்டில் முதலில் பார்க்க வேண்டியது, மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை. நீங்கள் கேட்ட மிருகங்களைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது இரண்டாவது.

மலை ரோடு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி நிரவுவார்கள். ஆகவே ரோட்டில் மேட்டுப் பக்கம் பாதி பழைய மண், பள்ளத்துப் பக்கம் பாதி கொட்டிய மண். மேட்டுப் பக்க ஓரத்தில் ஒரு கால்வாய் ஓடும். மேலிருந்து வரும் தண்ணீரை அது வாங்கிக்கொண்டு போய், ஆங்காங்கே ரோட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் வழியாகப் பள்ளத்து ஓடையில் விடும். இவ்வளவுதான் ஏற்பாடு. அந்தக் கால்வாய் அடைத்தால் தண்ணீர் ரோட்டின் குறுக்கே பாய்ந்து, கொட்டிய மண்ணின் மேல் இறங்கும். கொட்டிய மண் ஊறினால் நிற்காது. நான் பார்த்த சரிவுகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு அடைப்பில் தொடங்கியவைதான்.

ஒரு நவம்பர் மாலை. மழை மூன்று நாளாக விடவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள வளைவில் தண்ணீர் இரைச்சல் மாறிப்போயிருந்தது. எப்போதும் ஆழத்தில் கேட்கும் சத்தம் அன்று மேலே, பரவலாகக் கேட்டது. குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், லைன் வீடு என்போமே அதில், இருக்கும் பெரியவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் கடப்பாரை. சிறுபாலத்து வாயில் ஒரு சீகை (வாட்டில்) மரக் கிளை குறுக்கே விழுந்து, அதில் யாரோ காரிலிருந்து வீசிய குப்பைப் பை சிக்கி, அதன் மேல் இலையும் மண்ணும் படிந்து கதவு போட்ட மாதிரி ஆகிவிட்டது. இடுப்பளவு தண்ணீர் தேங்கி ரோட்டின் மேல் வழிந்துகொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் குத்திக் குத்தித்தான் கிளை நகர்ந்தது. நகர்ந்ததும் தண்ணீர் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு உள்ளே இறங்கியது. மறுநாள் காலையில் பார்த்தால், பள்ளத்துப் பக்கம் தார் விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது, அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குடைந்திருக்கிறது. பால் வண்டி அதன் மேல் ஏறுவதற்குள் கல் வைத்து மறித்தோம்.

அந்தப் பெரியவர் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசே நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, இன்று டான்டீ என்று அழைக்கிறோமே அது. ரோட்டோரக் கால்வாயை அவர் 'கான்' என்பார். தோட்டத்தில் கான் வெட்டுவது தனி வேலை, அதைச் சரியாக வெட்டாவிட்டால் மேல் மண் முழுக்கப் போய்விடும் என்று சின்ன வயதிலேயே பழகியவர். துறையில் 26 வருடம் இருந்த நான், கால்வாயின் சரிவை எப்படிப் பார்ப்பது என்பதை அவரிடம்தான் உண்மையில் கற்றுக்கொண்டேன். மழை தொடங்குவதற்கு முன் புரட்டாசியில் ஒரு நாள், எங்கள் ரோட்டில் இருக்கும் ஆறேழு வீட்டுக்காரர்களும் மண்வெட்டியோடு இறங்கி அவரவர் வாசலுக்கு மேலும் கீழும் கான் சுத்தம் செய்கிறோம். நீங்கள் வந்தால் நீங்களும் இறங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், குன்னூர், கோத்தகிரி சரிவுகள் கிழக்கு பார்த்தவை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும்போது இங்கே சாரலோடு போய்விடும். இங்கே கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையில். பாறைக்கு மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிய செம்மண். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், குடித்து முடித்ததும் எடை தாங்காமல் வழுக்கும். 1978, 1979 நவம்பர்களைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். 2009 நவம்பர் 10ஆம் தேதி குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 140 செ.மீ. தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வாரம் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ரோடுகளும் மலை ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்துபோயின. மாவட்டத்தில் அபாய இடங்கள் என்று 283 இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வீடு அந்தப் பட்டியலில் வரும் இடத்துக்கு அருகில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பட்டியலில் இல்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம், கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. வீட்டுக்கு மேலே நிற்கும் மரங்களின் அடிமரம் வளைந்து நுனி மட்டும் நேராக நிமிர்ந்திருந்தால், அங்கே மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பல மரங்கள் ஒரே பக்கம் அப்படி நின்றால் அந்த இடம் வேண்டாம். தாரில் பள்ளத்துப் பக்கமாகப் பிறை வடிவில் விரிசல் ஓடுகிறதா, தார் போட்டு அதை மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா? தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? தடுப்புச்சுவரில் தண்ணீர் கசிய வரிசையாக ஓட்டை விட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் அந்த ஓட்டைகளிலிருந்து சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் அந்த ஓட்டைகளைச் சிமென்ட் பூசி அடைத்திருப்பதை நான் பல வீடுகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அழகாக இல்லையாம்.

உங்கள் வீட்டுத் தண்ணீரும் இதில் சேர்த்தி. கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிக் கானில் விட வேண்டும், பின்பக்கச் சரிவில் விடக்கூடாது. கழிவுநீர் உறிஞ்சுகுழி சரிவின் விளிம்பில் இருந்தால், வருடம் 365 நாளும் அந்த மண்ணை நீங்களே ஊறவைக்கிறீர்கள். பழைய வீட்டில் குழி எங்கே இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு, நேரில் போய் நின்று பாருங்கள்.

அடுத்தது, அந்த ரோடு யாருடையது? இதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. பிரிந்து போகும் சின்னப் பாதை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், ஊராட்சியுடையதாக இருக்கலாம், வனத்துறையுடையதாக இருக்கலாம், எஸ்டேட்டுடைய சொந்தப் பாதையாகவும் இருக்கலாம். கடைசி இரண்டும் என்றால் கவனம். எஸ்டேட் கைமாறினால் கேட் போட்டுவிடுவார்கள், சரிவு விழுந்தால் யாரும் வந்து அள்ளமாட்டார்கள். பத்திரத்தில் பாதைப் பாத்தியதை, அதாவது அந்த வழியாகப் போய்வரும் உரிமை, தெளிவாக எழுதியிருக்க வேண்டும், புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) பாதை தெரிய வேண்டும். "எல்லோரும் இந்த வழியாகத்தான் சார் போகிறோம்" என்று தரகர் சொல்வது ஆதாரம் ஆகாது. அப்புறம், மாற்றிக் கட்டும் யோசனை இருந்தால், இந்த மாவட்டத்தில் கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஜேசிபி இறக்கவும் போர்வெல் போடவும் அனுமதி வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளைச் சிலர் தொந்தரவு என்கிறார்கள். சரிவுக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவன் என்ற முறையில் எனக்கு அவை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

மரம் விஷயமும் இதேதான். மரங்களுக்காகத்தான் அந்த வீடு உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் ரோட்டோரம் நிற்பது எல்லாம் இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரம் அல்ல. கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை, சில்வர் ஓக் ஆகிய மூன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சீகை ஊறிய மண்ணில் வேரோடு சாயும், கற்பூர மரம் காற்றில் கிளை முறியும். வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது. 1955ஆம் வருடத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். மனு கொடுத்து, ஆள் வந்து பார்த்து, உத்தரவு வர நாளாகும். ஆகவே வாங்குவதற்கு முன்பே எந்த மரம் விழுந்தால் வீட்டை அடிக்கும் என்று எண்ணிப்பாருங்கள். மரம் விழுந்தால் கரண்ட் போகும். டவுனில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். நம் ரோட்டில் லைன்மேன் கம்பியைத் தேடிக் காட்டுக்குள் நடக்க வேண்டும், அதனால் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். இன்வெர்ட்டர், எமர்ஜென்சி விளக்கு, ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு, கூடுதல் சிலிண்டர் எல்லாம் ஐப்பசி பிறக்கும்போதே தயாராக இருக்க வேண்டும்.

சரி, மிருகங்கள். சிறுத்தை உண்டு. அது வருவது நாய்க்காக. நாய் வளர்த்தால் இரவில் வீட்டுக்குள் கட்டுங்கள், வாசலில் கட்டிப்போடுவது அதற்கு இரை வைப்பது போல. கரடி உண்டு, கோத்தகிரிப் பக்கம் அதிகம். எண்ணெய், வெல்லம், பழுத்த பலா வாசனைக்கு வரும். விளக்கில் ஊற்றும் எண்ணெயைக் குடிக்கக் கோயில் கதவை உடைத்த கரடிகள் உண்டு. சமையலறைக் கதவு பலமாக இருக்கட்டும். மீந்த சோற்றையும் காய்கறிக் கழிவையும் வெளியே கொட்டாதீர்கள். குப்பை வண்டி இந்த ரோட்டுக்குள் வராது என்பதால் கொட்டத்தான் தோன்றும். ஆனால் முதல் வாரம் காட்டுப்பன்றி வரும், அடுத்த மாதம் கரடி வரும், அப்புறம் பயம் வரும், பயத்தில் யாராவது வெடி வைப்பார்கள். மூடியுள்ள தொட்டியில் உரமாக்குங்கள், மற்றதை வாரம் ஒருமுறை டவுனுக்குக் கொண்டுபோங்கள். குரங்குக்குச் சோறு போடாதீர்கள். குரங்கோ நாயோ கடித்தாலும் கீறினாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காக 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இதே குன்னூரில்தான் இருக்கிறது.

உண்மையில் தினமும் எதிர்ப்படப்போவது காட்டுமாடு. சிலர் காட்டெருமை என்பார்கள். நல்ல ஆண் ஒன்று ஒரு டன் வரை இருக்கும். போன மார்கழியில் ஒரு நாள், மாலை ஆறு மணி, மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. என் ஸ்கூட்டர் விளக்கில் முதலில் தெரிந்தது நான்கு வெள்ளைக் கால்கள், முழங்கால் வரை காலுறை போட்ட மாதிரி. மேலே ஒன்றுமே தெரியவில்லை. நின்றேன், எஞ்சினை அணைக்கவில்லை, விளக்கை மட்டும் தாழ்த்தினேன். அது மூச்சுவிடுவது கேட்டது. புல் மெல்லும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் இருக்கும். பிறகு தன் போக்கில் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப்போனது, அதன் பின்னால் ஒரு கன்று. ஹார்ன் அடித்திருந்தாலோ பக்கவாட்டில் புகுந்து போகப் பார்த்திருந்தாலோ இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. காட்டுமாட்டால் அடிபட்டவர்களில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ தனியாக, வெளிச்சம் இல்லாமல் நடந்தவர்கள், அல்லது போட்டோ எடுக்கக் கிட்டப் போனவர்கள். மாலை ஆறுக்குப் பிறகு நடைப்பயிற்சி வேண்டாம். போகத்தான் வேண்டும் என்றால் டார்ச், இரண்டு பேர், பேசிக்கொண்டே போவது.

உண்ணி என்ற இன்னொரு சின்னப் பிராணியையும் சொல்லிவிடுகிறேன். புதரிலும் புல்லிலும் நடந்துவிட்டு வந்த பத்து நாளில் விடாத காய்ச்சல் வந்தால், அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் 'காட்டு ரோட்டில் இருக்கிறோம்' என்று நீங்களே சொன்னால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார், அதற்கு மாத்திரை உண்டு.

மாசி, பங்குனியில் தீ. 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதியில் காடு நாள்கணக்கில் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையிலிருந்து ராட்சத வாளியில் தண்ணீர் அள்ளிவந்து ஊற்றியது. கற்பூர இலையில் எண்ணெய் இருக்கிறது, காய்ந்தால் பெட்ரோல் மாதிரி பிடிக்கும். வீட்டைச் சுற்றி முப்பது அடிக்குச் சருகு இல்லாமல் கூட்டி வையுங்கள், ஓட்டு இடுக்கிலும் கூரை விளிம்பில் தண்ணீர் ஓடும் காலிலும் சேர்ந்ததை எடுத்துவிடுங்கள். கூட்டியதைக் கொளுத்தாதீர்கள்.

வண்டி ஓட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள், எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விடாதீர்கள். 2024 மே முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் முறை இருக்கிறது. டிஎன் 43 பதிவு வண்டிகளுக்கு அது வேண்டாம். உங்கள் வண்டி வேறு பதிவு என்றால், குடிவந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, அம்மா. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுதான். உயரம் ஒன்றும் செய்யாது, குன்னூர் 1,850 மீட்டர்தான். குளிரும் ஈரமும்தான் படுத்தும். மழைக்காலத்தில் துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும், மூட்டு வலியும் வீசிங்கும் இருப்பவர்களுக்கு அது கஷ்டம். அவருக்குக் கொடுக்கும் அறை காலை வெயில் விழும் பக்கமாக இருக்க வேண்டும், கழிப்பறை அதே அறையோடு இருக்க வேண்டும், வாசலுக்குப் படி இருக்கக்கூடாது. ஆறு கிலோமீட்டர் என்பது பகலில் கால் மணி நேரம். மேகம் இறங்கிய இரவில் முக்கால் மணி நேரம். மரம் விழுந்த இரவில் அதற்குக் கணக்கே கிடையாது. குன்னூர் அரசு லாலி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சைக்கு ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோதான் போக வேண்டும். ஆகவே ஒன்று செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அம்மாவைக் கோயம்புத்தூரிலேயே வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோயம்புத்தூர் வீட்டை விற்றுவிட்டு இங்கே வருவதாக இருந்தால், விற்பதை இரண்டு வருடத்துக்காவது தள்ளிப்போடுங்கள்.

வீட்டு வாசல் வரை ஆம்புலன்ஸ் வந்து திரும்ப இடம் வேண்டும். 108க்கு அழைக்கும்போது 'பெரிய மரத்துக்குப் பக்கத்தில்' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. நெடுஞ்சாலைத் துறை ரோட்டோரத்தில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும், 2, 4, 6, 8 என்று எண் போட்டு. உங்கள் வாசலுக்கோ பாதை பிரியும் இடத்துக்கோ அருகில் இருக்கும் கல் எந்தக் கிலோமீட்டரில் எத்தனையாவது என்று எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கல் புதரில் மறைந்திருந்தால் வெட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். காலை ஐந்தரைக்கு, சிறுபாலத்துக்கு அடியில் ஓடைக் கல்லில் உட்கார்ந்து ஒரு நீலக் குருவி பாடும். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் யோசித்து யோசித்து விசிலடிப்பது போலவே இருக்கும். அதைக் கேட்டபடி கான் ஓரமாக நடந்து, ராத்திரி என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே மேல் வளைவு வரை போய்வருவேன். லைன் வீட்டுப் பெரியவரும் அங்கே வந்திருப்பார். அந்த அரை மணி நேரத்தை நான் எதற்கும் விடமாட்டேன்.

நீங்கள் ஏப்ரலில் வந்து வெயிலில் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். முன்பணம் கொடுக்காமல் நவம்பர் வரை பொறுங்கள். இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு வாருங்கள், காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்து உள்ளே போங்கள். வீட்டுக்கு மேலே உள்ள சிறுபாலத்தில் குனிந்து பாருங்கள். தண்ணீர் செம்மண் கலங்கி வந்தால் மேலே எங்கோ மண் கரைகிறது, திரும்பிவிடுங்கள். தெளிந்து வந்தால், அப்புறம் வீட்டுக்காரரிடம் பத்திரம் கேளுங்கள்.